வக்பு இல்லாத கட்டடம்: திரிப்போலிக் கண்காட்சித் திடலின் கதை

திரிப்போலி என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்கு லிபியாவின் தலைநகர்தான் நினைவுக்கு வரும். அரபுலகில் அந்தப் பெயரில் இரண்டு நகரங்கள் உண்டு. குழப்பம் வராதிருக்க, மேற்கே இருப்பதைத் தராபுலுஸ் அல்-கர்ப் என்றும் கிழக்கே இருப்பதைத் தராபுலுஸ் அஷ்-ஷாம் என்றும் அரபிகள் பிரித்துச் சொல்லிவந்தார்கள். இக்கட்டுரை ஷாமின் திரிப்போலியைப் பற்றியது. பெய்ரூத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரம். லெபனானின் இரண்டாவது பெரிய நகரம். சனத்தொகையில் பெரும்பான்மையினர் ஸுன்னி முஸ்லிம்கள்.

இந்த நகரத்திடம் இரண்டு பெரிய சொத்துகள் இருக்கின்றன. ஒன்று மம்லூக்கர் கட்டிய பழைய நகரம். 1289இல் சுல்தான் கலாவூன் சிலுவைப் போர்க்காரரிடமிருந்து திரிப்போலியைக் கைப்பற்றி, கடலோரத்தில் இருந்த பழைய ஊரை அழித்துவிட்டு, சற்று உள்ளே கோட்டையின் அடிவாரத்தில் புதிய நகரமொன்றை எழுப்பினார். அவருடைய மகன் அல்-அஷ்ரப் கலீல் கட்டத் தொடங்கிய அல்-மன்ஸூரி பெரிய பள்ளிவாசலில் இன்றைக்கும் தொழுகை நடக்கிறது. மற்றச் சொத்து, பழைய நகரத்துக்கும் அல்-மீனா துறைமுகத்துக்கும் இடையில் 70 ஹெக்டயர் நிலத்தில் கிடக்கும் ரஷீத் கராமி சர்வதேசக் கண்காட்சித் திடல். நகரத்தார் அதைச் சுருக்கமாக ‘அல்-மஃரழ்’ என்பார்கள். பிரேசில் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒஸ்கார் நீமேயர் வரைந்தது. முதலாவதற்கு 700 வயது கடந்துவிட்டது. இரண்டாவதற்கு 60 வயதளவுதான். ஆனால் ஆபத்திலுள்ள உலக மரபுரிமைகளின் பட்டியலில் ஏறியிருப்பது இளையதுதான்.

அது எப்படி என்று கேட்டால் யுத்தம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அது பாதிப் பதில்.

முதல் உலகப் போருக்கு முன்னர் ஹும்ஸ், ஹமா போன்ற சிரிய உள்நாட்டு நகரங்களுக்குத் துறைமுகமாக இருந்தது திரிப்போலி. 1920இல் பிரெஞ்சுக்காரர் எல்லை கீறியபோது நகரம் லெபனானுக்குள் வந்தது. அதன் சந்தை சிரியாவுக்குள் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வங்கி, துறைமுகம், பல்கலைக்கழகம், விமான நிலையம் என்று எல்லாம் பெய்ரூத்துக்கே போயின. 1958இல் லெபனான் சில மாதங்கள் உள்நாட்டுக் கலகத்தில் கிடந்தபோது அரசுக்கு எதிரான அணியின் வலுவான தளங்களில் திரிப்போலியும் ஒன்று. கலகம் அடங்கியபின் ஜனாதிபதியான பூஆத் ஷிஹாபும், திரிப்போலியின் மகனும் பிரதமருமான ரஷீத் கராமியும் ஒரு விடயத்தில் தெளிவாக இருந்தார்கள். பெய்ரூத்தில் குவிந்த செல்வத்தில் மற்ற ஊர்களுக்கும் பங்கு போகவேண்டும், இல்லாவிட்டால் நாடு நிலைக்காது. திரிப்போலிக்குக் கிடைத்த பங்குதான் இந்தக் கண்காட்சித் திடல். தோடை மரத் தோப்புகளாக இருந்த நிலத்தை அதற்காக எடுத்தார்கள்.

நீமேயர் 1962இல் லெபனானுக்கு வந்தார். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்புதான், 1960 ஏப்ரலில், அவருடைய கட்டடங்களோடு பிரேசிலியா என்ற புதுத் தலைநகர் திறக்கப்பட்டிருந்தது. உலகமே அவர் பெயரைச் சொன்ன காலம். பிரேசிலில் லெபனான் வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அழைப்பு அவ்வளவு அதிசயமில்லை. ஆள் கம்யூனிஸ்ட், மதநம்பிக்கை இல்லாதவர். ஆனாலும் பிற்காலத்தில் அல்ஜியர்ஸ் நகருக்கு ஒரு பள்ளிவாசலை வரைந்தார். அது கட்டப்படவில்லை.

அவர் வரைந்த திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த விடயம் பெரிய கூரை. அந்நாளைய சர்வதேசக் கண்காட்சிகளில் ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு மண்டபம் கட்டும். பணக்கார நாடு பெரிதாகக் கட்டும், ஏழை நாடு மூலையில் நிற்கும். நீமேயர் அதை வேண்டாமென்றார். பூமராங் போல வளைந்த, 750 மீற்றர் நீளமும் 70 மீற்றர் அகலமும் உள்ள ஒரே கூரை. எல்லா நாடுகளும் அதன் கீழேதான். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 13 ஏக்கர் நிழல். அதைச் சுற்றிக் குவிமாட வடிவிலே ஒரு பரிசோதனை அரங்கு, பெரிய வளைவுடன் கூடிய திறந்தவெளி அரங்கு, கூர்வளைவுகள் சூழ்ந்த லெபனான் மண்டபம், ஹெலிகொப்டர் தளமும் அதற்குக் கீழே விண்வெளி நூதனசாலையும், நீர்த்தாங்கிக் கோபுரம், விருந்தினர் மனை. கூர்வளைவுகளை லெபனானின் பழைய வீடுகளிலிருந்து எடுத்தார். மற்றவை அவருடைய சொந்தக் கை. இதை நிமிர்த்திக் கொடுத்தவர்கள் லெபனான் பொறியியலாளர்களும் தொழிலாளர்களும். அவ்வளவு மெல்லிய கொங்கிறீட் ஓட்டை அந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் வார்த்ததில்லை என்றே சொல்லலாம்.

வேலை 1960களின் நடுப்பகுதியில் தொடங்கிச் சல்லித் தட்டுப்பாட்டால் இழுபட்டது. திறப்பு விழாத் திகதி பின்னே பின்னே போய்க்கொண்டிருந்தது. கட்டடங்கள் முடிகிற தறுவாயில் 1975 ஏப்ரல் 13இல் உள்நாட்டு யுத்தம் வெடித்தது. பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிரியப் படை வந்து திடலை முகாமாகப் பாவித்தது. பொருத்தப்பட்டிருந்தவை காணாமற்போயின. 1987இல் ரஷீத் கராமி ஹெலிகொப்டரில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார், திடலுக்கு அவர் பெயர் வந்தது. சிரியப் படை லெபனானை விட்டுப் போனது 2005 ஏப்ரலில்.

இங்கேதான் நமது விடயம் தொடங்குகிறது. யுத்தம் 1990இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிந்திய 30 வருடத்தில் இந்தக் கட்டடங்கள் பட்ட சேதம் யுத்த காலத்தில் பட்டதைவிடக் குறைந்ததல்ல.

நான் தமிழ் படிப்பிக்கிறவன், பொறியியலாளன் அல்ல. ஆனாலும் கொங்கிறீட் எப்படிச் சாகிறது என்பதைப் பாடசாலை இரசாயனவியலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கொங்கிறீட்டுக்குள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது. சீமெந்தின் காரத்தன்மை அந்தக் கம்பியைத் துருவிலிருந்து காத்து நிற்கும். வருடம் போகப்போகக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல உள்ளே புகுந்து அந்தக் காரத்தன்மையைக் குறைக்கும். கடல் பக்கத்தில் இருந்தால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். திரிப்போலித் திடல் கடலிலிருந்து கூப்பிடு தூரம். கம்பி துருப்பிடித்ததும் அதன் கனவளவு சில மடங்காகப் பெருக்கிறது. உள்ளே இடமில்லை. ஆகவே கொங்கிறீட்டை வெடிக்கச் செய்துகொண்டு வெளியே வருகிறது. வெடிப்பால் மழைநீர் இறங்கும், துரு இன்னும் வேகமாகும். பார்க்கிறவருக்குக் கட்டடம் நல்லாயிருப்பது போலத்தான் தெரியும். திடீரென்று ஒருநாள் பொருக்காகக் கழன்று விழும்.

மன்ஸூரிப் பள்ளிவாசலில் ஒரு கல் உளுத்துப்போனால் மேசன் அதைக் கழற்றிவிட்டு அதே மாதிரி இன்னொரு கல்லைச் செதுக்கி வைக்கலாம். 700 வருடமாக அப்படித்தான் நடந்திருக்கும். கட்டடத்தின் உயிர் அதனால் குறைவதில்லை. நீமேயரின் குவிமாடத்தில் கழற்றுவதற்குக் கல் இல்லை. அது முழுவதும் ஒரே வார்ப்பு. வெடித்த இடத்தை உடைத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதிய சாந்து பூசினால் சட்டையில் ஒட்டுப் போட்டதுபோலத் தெரியும். அதை மறைக்க முழுவதுக்கும் பூச்சுப் பூசினால், அச்சுப் பலகையின் ரேகை பதிந்த அந்தப் பழைய மேற்பரப்பு போய்விடும். அந்த மேற்பரப்பைப் பேணத்தானே இவ்வளவு பாடு? நவீன காலக் கட்டடங்களைப் பேணுவதில் உள்ள பெரிய தலையிடி இது. கம்பியை மின்னோட்டத்தால் காக்கிற முறையெல்லாம் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவைத் திரிப்போலியால் நினைத்தும் பார்க்க ஏலாது.

சட்டமும் உதவவில்லை. லெபனானின் தொல்பொருட் சட்டம் பிரெஞ்சு ஆணையாட்சிக் காலத்தில், 1933இல் வந்தது. அது பொதுவாக 1700ஆம் ஆண்டுக்கு முந்தியவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது. 1962இல் வரைந்த கட்டடத்துக்கு அதில் இடமெங்கே? யுத்தத்துக்குப் பின்னர் நீமேயர் மாதிரிக் குடியிருப்பாகக் கட்டிய தொகுதியொன்று உருமாற்றப்பட்டு ஹோட்டலானது. இன்று அதைப் பார்த்து அவருடையது என்று யாராலும் சொல்ல ஏலாது. 2004 அளவில் இன்னொரு யோசனை வந்தது. திடலை டிஸ்னிலாந்து பாணியிலே கேளிக்கைப் பூங்காவாக்குவோம் என்றார்கள். அதைக் கேட்டுக் கலங்கிய உள்ளூர்க் கட்டடக் கலைஞர்கள்தான் முதலில் குரலெழுப்பினார்கள். 2006ஆம் ஆண்டுக்கான ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் உலக நினைவுச் சின்ன நிதியம் திடலைச் சேர்த்தது. 2018இல் பேணல் திட்டமொன்றைத் தயாரிக்க அமெரிக்காவின் கெட்டி மன்றம் உதவியது.

2023 ஜனவரி 25இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக் குழு அவசர நடைமுறையில் திடலைப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்கும்போதே ஆபத்திலுள்ளவை என்ற வகுப்பிலும் போட்டது. அன்றைக்கே யெமனின் மஃரிபும் சேர்ந்தது. அல்குர்ஆன் பேசுகிற ஸபஉ சமூகத்தின் தலைநகர் அது. அவர்களுடைய அணை உடைந்த வரலாற்றை நாம் ஓதியிருக்கிறோம். ஓர் அணையின் இடிபாடும் பயன்படாமலே பழசான ஒரு கண்காட்சித் திடலும் ஒரே நாளில் மனித குலத்தின் பொதுச்சொத்தாகின.

மனித குலத்தின் பொதுச்சொத்து என்றாலும் செலவுக் கணக்கு மனித குலத்துக்குப் போவதில்லை. உலக மரபுரிமையாவதால் எந்த நாட்டுக்கும் தானாகச் சல்லி வராது. பேணும் பொறுப்பு அந்தந்த அரசுக்கே உரியது. அந்த அரசின் நிலையைப் பாருங்கள். 2019இல் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 1,507 லீரா. 2024 தொடக்கத்தில் உத்தியோகபூர்வ வீதமே 89,500 லீரா. திடலை நிர்வகிக்கிற பொது நிறுவனத்துக்கு லீராவில் ஒதுக்கும் தொகை எதற்குக் காணும்? சாந்தும் இரசாயனமும் வாங்க டொலர் வேண்டும்.

பட்டியல் வந்த அந்தக் காலத்தையும் பார்க்கவேண்டும். 2022 ஏப்ரலில் திரிப்போலிக்கு அருகில் புறப்பட்ட குடியேறிகளின் படகு மூழ்கியது. ஜூனில் நகரின் பழைய குடியிருப்பொன்று இடிந்து ஒரு சிறுமி மவ்த்தானாள். செப்டெம்பரில் அதே கரையோரத்திலிருந்து போன இன்னொரு படகு சிரியாவின் தர்தூஸுக்கு அப்பால் கவிழ்ந்து 90க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான்கு மாதம் கழித்து யுனெஸ்கோவின் செய்தி வருகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிற சனத்திடம், உங்களூரில் உலகப் பெறுமதியான குவிமாடமொன்று இருக்கிறது, சந்தோசப்படுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? குடியிருக்கிற வீட்டுக்கு இல்லாத சீமெந்து ஆளில்லாத அரங்குக்கு என்னத்துக்கு என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். மரபுரிமை பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஆனால் இடித்துவிடுவோம் என்பதும் பதிலாகாது. 70 ஹெக்டயரில் நிற்கிற கொங்கிறீட்டை இடிக்கவும் அள்ளவும் சல்லி வேண்டும். இடித்தபின் வெறும் நிலம் ஏழைக்குப் போகும் என்று நம்ப இடமில்லை. நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் உள்ள நிலம் அது, யாருக்குப் போகுமென்பது சொல்லாமலே விளங்கும். தோடைத் தோப்பு திரும்பி வராது.

தமிழில் இரண்டு சொற்கள் உண்டு: பாதுகாத்தல், பராமரித்தல். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டுப் பேசுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. பாதுகாப்பு என்பது தடுப்பது. இடிக்காதே, விற்காதே, மாற்றாதே. பராமரிப்பு என்பது ஊட்டுவது. ஒழுக்கை அடைப்பது, துருவைச் சுரண்டுவது, காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது. மரபுரிமைச் சட்டங்களும் பட்டியல்களும் முதலாவதைத்தான் செய்கின்றன. தடுப்பு மட்டும் இருந்து ஊட்டம் இல்லாவிட்டால், இடிக்கக் கூடாத கட்டடம் தானாக இடியும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள். ஒருவர் கையிலும் பழி இராது.

இதை மம்லூக்கர் விளங்கியிருந்தார்கள் என்றே நினைக்கிறேன். ஒரு சுல்தானோ அமீரோ பள்ளிவாசல் அல்லது மத்ரஸா கட்டினால் கட்டடம் பாதி வேலைதான். மறுபாதி வக்பு. இன்ன கடைத்தெருவின் வாடகை, இன்ன ஹம்மாமின் வருமானம், இன்ன தோட்டத்தின் விளைச்சல் இந்தக் கட்டடத்துக்கு என்று எழுதிவைப்பார்கள். திரிப்போலியில் இப்படியான வக்பு விபரங்களையும் அரச ஆணைகளையும் கல்லில் வெட்டிச் சுவரிலேயே பதித்திருக்கிறார்கள். கட்டடமே தன் வரவு செலவைத் தன் நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்கிறது. பழைய நகரில் பள்ளிவாசலும் ஸூக்கும் கானும் ஹம்மாமும் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நிற்பதற்கு இடநெருக்கடி மட்டும் காரணமல்ல. ஒன்று உழைக்க மற்றது நிற்கும். ஹனபி பிக்ஹ் நூல்கள் இதை இன்னும் இறுக்கமாகச் சொல்கின்றன. வக்பின் வருமானத்தில் முதற் செலவு வக்புச் சொத்தின் பராமரிப்புக்கே. வக்பு செய்தவர் அதைக் குறிப்பிடாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான். சம்பளமும் தர்மமும் பிறகு.

பழையதைப் புகழ்ந்து சும்மா பேசுவதல்ல என் நோக்கம். வக்பு எப்படியெல்லாம் தின்னப்பட்டது, நிர்வாகிகள் என்னவெல்லாம் செய்தார்கள் என்பது அரபு நாடுகளிலே எழுதித் தீராத வரலாறு. திரிப்போலியின் மம்லூக் நகரமும் இன்றைக்குச் செழிப்பாக இல்லை, அங்கேயும் பாழடைந்த கட்டடங்கள் உண்டு. ஆனால் 700 வருடம் நின்றபின் தளர்வதற்கும் 60 வருடத்தில், அதுவும் ஒரு நாள்கூட முழுதாக வேலை செய்யாமல் தளர்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நீமேயரின் திட்டத்தில் கூரை இருந்தது, அரங்கு இருந்தது, ஹெலிகொப்டர் இறங்க இடம் இருந்தது. கண்காட்சி நடக்காத வருடத்தில் இவற்றுக்கு யார் சோறு போடுவது என்பது இல்லை. தலைநகர் கட்டிய பழக்கத்தில் அரசு எப்போதும் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

விருந்தினர் மனையின் கதையைச் சொல்லாமல் விட ஏலாது. திடலில் உள்ள சிறிய, தாழ்ந்த கட்டடம் அது. வெளிச்சுவர்கள் மூடியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் உள்முற்றத்தின் வழியாக வரும். திரிப்போலி பழைய தளபாட நகரம், தலைமுறை தலைமுறையாகத் தச்சு வேலை செய்த குடும்பங்கள் அங்கே உண்டு. இறக்குமதிச் சாமான் வந்து அந்தத் தொழிலை வீழ்த்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் தச்சருக்கான ஒரு மையத்துக்கு இடம் தேடியபோது இந்த மனை அகப்பட்டது. பெய்ரூத்தின் ஈஸ்ட் கட்டடக் கலைக்கூடத்தைச் சேர்ந்த நிக்கலஸ் ஃபய்யாதும் சார்ள்ஸ் கெத்தானேயும் வேலையைச் செய்தார்கள். கொங்கிறீட்டைத் தொடாமல், தேவையென்றால் நாளைக்கே கழற்றி எடுக்கக்கூடிய இலேசான தடுப்புகளை வைத்து உள்ளே தொழிற்கூடம் அமைத்தார்கள். பெயர் ‘மின்ஜரா’, அரபியில் தச்சுப் பட்டறை என்று பொருள். 2022ஆம் ஆண்டின் ஆகா கான் கட்டடக் கலை விருது பெற்ற 6 திட்டங்களில் இதுவும் ஒன்று. பக்கத்திலேயே பங்களாதேஷில் ரோஹிங்கிய அகதிகளுக்காகக் கட்டிய சமூக நிலையங்களும் அதே வருடம் அந்த விருதைப் பெற்றன.

நீமேயரை நேசிப்பவர்கள் விருந்தினர் மனையைக் காட்டி, பார்த்தீர்களா முடியும் என்கிறார்கள். முடிந்தது உண்மைதான். ஆனால் அளவையும் பார்க்கவேண்டும். அது திடலின் மிகச் சிறிய கட்டடங்களில் ஒன்று. மற்றப் பக்கம் 13 ஏக்கர் கூரை. அவ்வளவு தச்சர் திரிப்போலியில் இல்லை, அவ்வளவு சாமான் வாங்க ஆளும் இல்லை. கூரையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொழிலை, ஒரு சந்தையை, ஒரு பாடநெறியைக் கொண்டுவந்து, வரும் வாடகையில் முதற் பங்கைச் சட்டப்படி அந்தத் துண்டின் கொங்கிறீட்டுக்கே ஒதுக்கலாம். கிட்டத்தட்ட ஸூக்கின் முறை. ஆனால் தடுப்பு எழுப்பினால், எல்லா நாடுகளும் ஒரே நிழலில் என்று நீமேயர் நினைத்த அந்த நீண்ட திறந்த வெளி மறைந்துபோகும் என்று பேணல் நிபுணர் எதிர்ப்பார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. விருந்தினர் மனையில் தடுப்புகளைக் கழற்றக்கூடியதாக வைத்தது அந்த எதிர்ப்புக்குக் கொடுத்த பதில்தான். பெரிய கூரைக்கும் அந்தப் பதில் செல்லுமா என்பதை அங்கே ஒரு துண்டிலாவது செய்து பார்த்தால்தான் தெரியும். அதற்குள் கடற்காற்று நிற்கப்போவதில்லை.